எபிசன் தலையாட்டினால் பெட்டி மூடும்

எங்கள் சபையில் சவப்பெட்டியை மூடும்முன் போதகர் ஒருமுறை பந்தலின் மூலையைப் பார்ப்பார். அங்கே, ஸ்டாண்டில் பொருத்திய போனுக்குப் பின்னால் எபிசன் நிற்பார். அவர் தலையாட்டினால் பெட்டி மூடும். ஆட்டாவிட்டால் இன்னொரு பாட்டு எடுப்பார்கள். பாட்டு முடிந்தும் ஆட்டவில்லையென்றால், உபதேசியார் எழுந்து இறந்தவரைப் பற்றி ஏற்கெனவே சொன்னதையே கொஞ்சம் நீட்டிச் சொல்வார். யாரும் முணுமுணுப்பதில்லை. மஸ்கட்டிலோ குவைத்திலோ ஒரு பிள்ளை இன்னும் முகம் பார்க்கவில்லை என்பது பந்தலில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும்.

இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத முறை. விமானங்கள் நின்றுபோன தொற்றுக் காலத்தில் தானாக வந்தது. திருவட்டாறிலிருந்து உள்ளே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். வீட்டுக்கு ஒருவராவது வெளியே இருக்கிறோம். எபிசன் அதுவரை கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர். கல்யாணங்கள் நின்றன, சாவுகள் நிற்கவில்லை. ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார் இறந்தபோது, குவைத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளுக்காக முதன்முதலில் போனில் காட்டினார். மூடும் நேரத்தில் கையை உயர்த்தி, "நில்லுங்க, மூத்தவனுக்கு இன்னும் கிட்டல்ல" என்றார். போதகர் நின்றார். அன்றிலிருந்து அப்படித்தான்.

அதற்கான இணையப் பக்கத்தை எழுதியவன் சுபின். எபிசனுடைய சித்தி மகன், பாலிடெக்னிக் படித்தவன். பக்கம் என்று சொல்லும்படி அதில் ஒன்றும் கிடையாது. திறந்தால் இறந்தவர் பேரும் கீழே ஒரு பொத்தானும். பூவும் இல்லை, புறாவும் இல்லை. அழுத்தினால் முதலில் சத்தம் வரும், பிறகு படம். சிக்னல் இளைத்தால் படம் மங்கும், ஆனால் நிற்காது. தூரத்துப் போனில் படம் உண்மையிலேயே ஓடத் தொடங்கினால், எபிசனின் போனில் அந்தப் பிள்ளையின் பேருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் அவர் தலையாட்டுவார்.

"கொஞ்சம் அலங்காரம் பண்ணக் கூடாதா அண்ணா?" என்று ஒருமுறை போனில் கேட்டேன்.

"கல்யாணத்துக்கு மினுக்கம் வேணும்டே. சாவுக்கு மொகம் போதும்" என்றார்.

நான் மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். வெளியே இருப்பவனுக்கு ஊரிலிருந்து வழக்கமில்லாத நேரத்தில் போன் வந்தால், எடுப்பதற்கு முன்பே யார் போயிருப்பார்கள் என்று ஒவ்வொரு பேராக எண்ணத் தொடங்கிவிடுவான். அம்மா வெறுமனே தேங்காய் விலை சொல்லக் கூப்பிட்டிருப்பாள். அதற்குள் பாதி ஊரை எண்ணி முடித்திருப்போம். அப்படிப்பட்ட எங்களுக்கு எபிசன் ஒரு பிடிமானம். எது நடந்தாலும் அவர் மூலையில் நிற்பார், நாம் பார்க்காமல் மூட விடமாட்டார்.

என் அறையில் கூட இருந்தவன் ஜெபிஷ், ஏ.சி. மெக்கானிக். எங்கள் ஊர்க்காரன்தான். அவன் அம்மா சத்தியபாய்க்கு அவன் ஒரே பிள்ளை. அந்த அம்மாவுக்கு வாய் கொஞ்சம் அதிகம். எபிசனை வழியில் கண்டால் விடமாட்டாராம்.

"ஏலே எபிசா, நான் செத்தா எனக்க மோன் பாத்தானான்னு கேட்டுட்டுத்தான் மூடணும், கேட்டியா?"

"அம்மே, இப்பம் சாவாதீங்க. இந்த வாரம் டவர் சரியில்ல."

"டவர் சரியாவட்டு. நான் பொறுத்துக்கிடுகேன்."

இதைச் சொல்லிச் சொல்லி ஜெபிஷ் சிரிப்பான். சிரித்து முடித்ததும் அம்மாவைக் கூப்பிடுவான்.

இடையில் சுபின் வளர்ந்தான். மார்த்தாண்டத்தில் அறை எடுத்தான். வெளியூர்க் கம்பெனி ஒன்று அவன் எழுதிய பக்கத்தை எடுத்து வளர்க்க முன்வந்தது. எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பது அவர்கள் யோசனை. துக்கத்தில் சேருகிறவர் யார் என்று சரிபார்க்க ஒரு சேவை, அதற்கு ஓடிபி அனுப்ப வேறொன்று, மலர்வளையம் வாங்க ஒரு கடை, கல்லறைத் தோட்டத்துக்கு வழிகாட்ட வரைபடம், படத்தோடு இரங்கல் எழுத ஒரு சுவர், எல்லாவற்றுக்கும் கடைசியில் நேரலை. ஒவ்வொன்றும் வேறு வேறு ஆட்கள் நடத்தும் சேவை. சுபின் அவற்றைச் சேர்த்துக் கட்டினான்.

எபிசனுக்கு அது பிடிக்கவில்லை. "பூக்கடையையும் பொணத்தையும் ஒரே வாசல்ல வைக்காதடே" என்றிருக்கிறார்.

"புதுசு வேண்டியவங்க புதுசுல வரட்டு அண்ணா. பழைய வாசல் அங்கனயே தெறந்து கெடக்கும். நான் தொட மாட்டேன்."

"வாக்கா?"

"வாக்கு."

அந்த வாக்கை எபிசன் தன் வாக்காக எங்களுக்குச் சொன்னார். சபைக் குழுவில் அவர் பேசி அனுப்பிய ஒலித்துணுக்கு இன்னும் என் போனில் இருக்கிறது. "மக்கா, பழைய லிங்கை அழிச்சிராதீங்க. அதுல வந்தா போதும். பழைய மாதிரியே இருக்கும். நான் பொறுப்பு."

அதன்பின் நாகர்கோவிலில் சில அடக்கங்கள், ஆரல்வாய்மொழியில் ஒன்று. எல்லாம் நன்றாகவே நடந்தன. அங்கெல்லாம் சிக்னல் தாராளம். யாருக்கும் எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

சத்தியபாய் ஆனி மழையில் இறந்தார். நெஞ்சுவலி. ஜெபிஷின் பாஸ்போர்ட் அப்போது புதுப்பிக்கப் போயிருந்தது. கம்பெனியில் கெஞ்சினான், தூதரகத்துக்கு ஓடினான், நடக்கவில்லை. எபிசனைக் கூப்பிட்டான்.

"வர முடியல்லண்ணா."

"நீ அங்கன இரி மக்கா. நான் இங்கன நிக்குகேன். நீ பாக்காம மூட மாட்டேன்."

அடக்க நாளன்று ஜெபிஷ் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். நான் பக்கத்தில் ஸ்டூலில். பழைய லிங்கை அழுத்தினான். பேரும் பொத்தானும் வரவில்லை. போன் நம்பர் கேட்டது.

"இது என்னண்ணா?"

"தப்பா அழுத்திட்டியா?"

மறுபடி அழுத்தினான். அதே. ஓமான் நம்பரைப் போட்டான், ஏற்கவில்லை. இந்திய நம்பர்தான் வேண்டுமாம். ஊர் சிம்மை மேசை இழுப்பறையில் தேடி எடுத்து வேறொரு போனில் போட்டோம். ஓடிபி வரவில்லை. திரும்பக் கேட்டோம். வந்தது, பழையது; செல்லாது என்றது. கடைசியில் ஒன்று செல்லுபடியாகி உள்ளே விட்டது. அந்தக் கணம் எங்கள் ஊர்ப் பந்தலில், எபிசனின் போனில், ஜெபிஷின் பேருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்திருக்கிறது.

இங்கே எங்களுக்கு ஒரு வளையம் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு மலர்வளையங்கள் வந்தன. வெள்ளை, சிவப்பு, பெரிது, சிறிது. "வேண்டாம்" என்பதை ஜெபிஷ் குத்தினான். வரைபடம் வந்தது. தான் விளையாடித் திரிந்த கல்லறைத் தோட்டத்துக்கு எப்படிப் போவது என்று அது அவனுக்குக் காட்டியது. பிறகு இரங்கல் சுவர், பாதிப் படங்களோடு. கீழே சத்தம் விட்டுவிட்டு வந்தது: பாட்டில் ஒரு வரி, யாரோ இருமியது, போதகரின் குரலில் ஒரு துண்டு.

"அண்ணா, மூடப் போறாங்க. எபிசன் அண்ணனக் கூப்பிடுங்க."

கூப்பிட்டேன். படம் எடுப்பதே அந்தப் போனில்தான். அழைப்பு எதையும் அது ஏற்காதபடி வைத்திருப்பார். என் அம்மா நேசம்மாளைக் கூப்பிட்டேன். அவள் பந்தலில் இருந்தாள், போன் வீட்டில் அடித்துக்கொண்டிருந்தது. ஜெபிஷ் போனை முகத்தருகே கொண்டுபோய், "அண்ணா, மூடாதீங்க. எனக்கு வரல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கத்தில் இங்கிருந்து அங்கே சத்தம் போவதற்கு வழியே இல்லை. அவனுக்கும் அது தெரியும்.

படம் வந்தது. தெளிவாக வந்தது, பழைய பக்கத்தில் ஒருநாளும் வராத தெளிவில். பெட்டியின் மூடி, அதன்மேல் சிலுவை. நான்கைந்து பேர் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஜெபிஷ் அழவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தான். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினான், மறுபடி போட்டான்.

சாயங்காலம் எபிசனே கூப்பிட்டார். குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"மக்கா, அம்மை நல்லபடியா போனா. மழகூட விட்டுத் தந்துது. நீ பாத்தேல்லா?"

"நீங்க தலையாட்டுனீங்களா அண்ணா?"

"ஆமா மக்கா. பச்சை வந்துச்சே."

"பச்சை வந்துது. அம்மை வரல்ல."

ஜெபிஷ் வைத்துவிட்டான்.

மறுநாள் நான் அந்தப் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தேன். என் வேலையே அதுதான். ஆஸ்பத்திரியில் ஒரு திரை மெதுவாகத் திறந்தால் எங்கே தங்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டியவன். இங்கே எந்தச் சேவையும் மோசமில்லை. தனித்தனியே கேட்டால் சட்டென்று பதில் சொல்கின்றன. கோத்த விதம்தான் கோளாறு. முன்னது பதில் சொன்னால்தான் பின்னதைக் கேட்கும்படி சுபின் கோத்திருந்தான். ஒன்று தயங்கினால் பின்னால் உள்ளதெல்லாம் நிற்கும். ஒன்று விழுந்தால் அது எழுந்திருக்கும்வரை காத்திருக்கும்.

நாகர்கோவில் வடசேரியிலிருந்து திருவட்டாறுக்கு நேர் பஸ் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அதை நிறுத்திவிட்டு, தக்கலைக்கு ஒரு பஸ், அங்கிருந்து அழகியமண்டபத்துக்கு ஒரு பஸ், பிறகு திருவட்டாறுக்கு ஒன்று என்று ஆக்குகிறார்கள். எந்த பஸ்ஸும் பிந்தவில்லை, எல்லாம் புது பஸ். ஆனால் ஒவ்வோர் இடத்திலும் இறங்கி நிற்க வேண்டும். ஒன்றைத் தவறவிட்டால் மற்றதெல்லாம் தவறும். ஊர் போய்ச் சேரும்போது இருட்டியிருக்கும். கேட்டால், எங்கள் பஸ் சரியான நேரத்துக்குத்தான் போனது என்று ஒவ்வொரு ஓட்டுநரும் சொல்வார். அதுவும் உண்மைதான்.

போதாததற்கு, பந்தலில் இருந்த பாதிப் பேர் அதே பக்கத்தைத் திறந்து, சத்தியபாயோடு எடுத்த பழைய படங்களை இரங்கல் சுவரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அன்பாகத்தான் செய்தார்கள். எங்கள் ஊருக்கு டவர் ஒன்றே ஒன்று. அவர்கள் ஏற்றிய படங்களும் எபிசன் அனுப்பிய முகமும் ஒரே குறுகலான பாலத்தில் முட்டி நின்றன.

இதெல்லாம் கணக்குப் பிழை, திறமைக் குறைவு என்று விட்டுவிடலாம். விட முடியாதவை இரண்டு. பழைய லிங்கை அழுத்தினால் அது சத்தமில்லாமல் புதிய பக்கத்துக்குத் தள்ளிவிட்டது. பழைய வாசல் திறந்து கிடக்கவில்லை. அதில் கதவு மட்டும் வரைந்து வைத்திருந்தார்கள். இரண்டாவது, அந்தப் பச்சைப் புள்ளி. படம் ஓடினால் எரிந்த புள்ளி இப்போது ஓடிபி செல்லுபடியானாலே எரிந்தது. அது தானாக மாறாது. யாரோ உட்கார்ந்து மாற்ற வேண்டும்.

எபிசனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அப்பம் நான் என்னத்தப் பாத்து தலையாட்டுனேன்?" என்று கேட்டார்.

"அவன் கதவுக்குள்ள நொழஞ்சத, அண்ணா."

"சதிச்சுட்டான்" என்றார்.

எங்கள் பக்கத்தில், நம்பினவன் கைவிட்டாலே சதித்தான் என்போம், மலையாளத்திலும் அப்படித்தான். கிழக்கே உள்ள தமிழ் ஊர்க்காரர்களுக்கு அது முன்கூட்டியே திட்டம் போட்டுக் கவிழ்ப்பது. இரண்டு பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலும் படித்தவன் நான். எபிசன் எந்தக் கணக்கில் சொன்னார் என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

பாஸ்போர்ட் வந்ததும் ஜெபிஷ் ஊருக்குப் புறப்பட்டான். என் விடுப்பையும் முன்னால் இழுத்துக்கொண்டு கூடவே போனேன். அம்மாவைப் பார்த்தே ஆகவேண்டும் என்று ஆகிவிட்டது எனக்கு. போன மறுநாளே எபிசனையும் சேர்த்து மூன்று பேரும் மார்த்தாண்டத்தில் சுபினின் அறைக்குப் போனோம். கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர். சுபின் எழுந்து நாற்காலிகளை இழுத்துப் போட்டான். எபிசன் உட்காரவில்லை.

"ஜெபிஷ் அண்ணா, எனக்கு ரொம்ப வருத்தம்" என்றான் சுபின். "ரெக்கார்டிங் இருக்கு. முழுசா, நல்ல தெளிவா. எப்பம் வேணும்னாலும் பாக்கலாம். நான் இப்பமே அனுப்புகேன்."

"அது எல்லாருக்கும் உள்ளது" என்றான் ஜெபிஷ். "எனக்காக நிறுத்தி வச்ச நேரம்தான் எனக்கு உள்ளது. அத அனுப்ப முடியுமாடே?"

எபிசன் பைய, விலை கேட்கிற மாதிரி கேட்டார். "புள்ளிய மாத்துனது நீதானா?"

"கம்பெனி கேட்டாங்கண்ணா. எத்தன பேர் வந்தாங்கன்னு அவங்களுக்குத் தெரியணும். படம் ஓடுனவங்கள மட்டும் எண்ணுனா எண்ணிக்க கொறஞ்சு நின்னுது."

"அதனால வாசல்ல நிக்கவனையும் உள்ள உக்காந்தவன்னு எண்ணிட்ட."

"எல்லாரும் அப்பிடித்தான் எண்ணுவாங்க அண்ணா. அதுல தப்பு..."

"எனக்கிட்ட ஏன் சொல்லல்ல?"

சுபின் மேசையைப் பார்த்தான். "சொன்னா நீங்க தலையாட்டிருக்க மாட்டீங்க."

எபிசன் அப்போது சிரித்தார். எனக்குப் பயமாக இருந்தது, அடித்துவிடுவாரோ என்று. அடிக்கவில்லை. "செரியாட்டுதான் சொல்லுக" என்றார். "ஆட்டிருக்க மாட்டேன். அதுக்குத்தானலே என்னய அங்கன நிறுத்தி வச்சிருந்துது."

"ஒங்களுக்கும் சேத்துத்தான் அண்ணா நான் பண்ணுனேன். நாளைக்கு இது பெருசா வந்தா..."

"வரும், நல்லா வரும்" என்று சொல்லிக் கதவைத் தள்ளினார் எபிசன். இழுக்க வேண்டிய கதவு அது. சுபின்தான் வந்து திறந்துவிட வேண்டியிருந்தது. அந்த அறையிலேயே தனக்கு அதுதான் பெரிய அவமானமாக இருந்தது என்று எபிசன் பிறகு என்னிடம் சொன்னார்.

ஊரில் யாரும் சுபினைக் குற்றம் சொல்லவில்லை. அவனை அவர்களுக்குத் தெரியாது. தலையாட்டியவர் எபிசன். "அவன் ஆட்டினான், நாங்க மூடினோம்" என்றார் உபதேசியார், நியாயமாகவே. சந்தையில் ஒருத்தி, "பச்சையக் கண்டா போதும், மாடு தலைய ஆட்டிரும்" என்று காதில் விழும்படி சொன்னாளாம்.

கல்லறைத் தோட்டத்துக்கு ஜெபிஷ் முன்னால் போனான். வாசலில் எபிசன் குடையோடு நின்றிருந்தார். நான் கொஞ்சம் பின்னால் வந்துகொண்டிருந்தேன்.

"மக்கா, அன்னைக்கு அம்மைக்கு எப்பிடி இருந்துதுன்னு நான் சொல்லட்டா? நான் கிட்ட நின்னு பாத்தேன். மொகம்..."

"வேண்டாம் அண்ணா" என்றான் ஜெபிஷ். "கேட்டுத் தெரியுகதுக்கு உள்ளதில்ல அது." கோபமாகச் சொல்லவில்லை. குடைக்குள்ளும் வரவில்லை. நனைந்துகொண்டே உள்ளே போனான். அதற்குப் பிறகு அவன் அவரோடு பேசியதை நான் பார்க்கவில்லை.

கொஞ்சநாள் எபிசன் எந்தச் சாவுக்கும் போகவில்லை. பிறகு கூப்பிடுகிறவர்களுக்காகப் போகத் தொடங்கினார். இப்போது பக்கமும் இல்லை, புள்ளியும் இல்லை. சாதாரண வீடியோ அழைப்பு, ஒரு பிள்ளைக்கு ஒரு போன். அதை ஸ்பீக்கர் பெட்டியோடு இணைத்துப் பந்தலில் வைக்கிறார். மூடும் நேரம் வந்தால் போதகர் பழக்கத்தில் மூலையைப் பார்க்கிறார். எபிசன் தலையை அசைக்காமல் நிற்கிறார். மைக்கை போன் பக்கம் நீட்டி ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்.

"மக்களே, அம்மைக்கு என்ன சேல உடுத்திருக்கு?"

அப்பா என்றால் சட்டையின் நிறம். தூரத்துப் பிள்ளை அழுகைக்கு நடுவில், "சந்தன நிறம், பச்சைக் கரை" என்று சொல்வது பந்தல் முழுவதும் கேட்க வேண்டும். சரியாகச் சொன்னால் மூடலாம். தடுமாறினால் எபிசன் போனை இன்னும் கிட்டே கொண்டுபோகிறார். "பாத்தேன்" என்று வெறுமனே சொன்னால் அவர் ஏற்பதில்லை. பாவம், ஒரு பெண் கனடாவிலிருந்து, "பாத்துட்டேன் அண்ணா, போதும்" என்று கெஞ்சியும், நிறத்தைச் சொல்லும்வரை விடவில்லையாம். கொஞ்சம் கல்நெஞ்சம் என்று பேச்சு வந்தது. வரட்டும் என்கிறார். யாருடைய வாக்கையும் அவர் இனி எடுத்துச் சுமக்கப் போவதில்லை, தன்னுடையது உட்பட.

போன வாரம் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவளுக்குக் கொஞ்சம் மூச்சுமுட்டு. பேச்சு எபிசனின் கேள்விக்கு வந்தது. எனக்குள் இருந்த பதற்றத்தில், விளையாட்டுப்போல்தான் கேட்டேன்.

"நீ எந்தச் சேலையம்மா எடுத்து வச்சிருக்க?"

"எடுத்து வச்சாச்சு. பெட்டிக்க அடியில இருக்கு."

"என்ன நிறம்?"



"சொல்ல மாட்டேன்லே. சொன்னா நீ பாக்காமலே சொல்லிப்போடுவ."